கல்லுக்குச் சொன்னது

திருச்சியிலிருந்து சைகோனுக்கு இப்போது நேராகவே விமானம் இருக்கிறது. நள்ளிரவுக்கு மேல் ஏறினால், ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் விடிந்துபோன 'தான் சொன் நியட்' விமான நிலையத்தில் இறக்கிவிடுகிறார்கள். கிதாரைத் தலைக்கு மேல் தட்டில் வைக்கக் கூடாது என்ற பணிப்பெண்ணோடு மல்லுக்கட்டி ஜெயித்த மிதப்பில் இறங்கினேன். என் முதல் ஆல்பம். ஒன்பது பாட்டும் நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, நானே பாடுபவை. தரையில் கால் பாவவில்லை. திரும்பி வரும்போது அதே தட்டில் அதே கிதாரை ஏற்றி வைக்கக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் பொன்மலைப் பெண். பெயர் ரீட்டா. அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். காலைச் சங்கு ஊதினால் நீலச் சட்டைக்காரர்கள் சைக்கிளில் சாரை சாரையாகப் போவதைப் பார்த்து வளர்ந்தவள். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கிதாரை எடுத்துக்கொண்டு ரயில், குதிரை, ஓடிப்போன பெண்டாட்டி என்று அமெரிக்க கன்ட்ரி பாட்டாகப் பாடித் தள்ளுவார்கள். அங்கே தொற்றிக்கொண்ட நோய் இது. ப்ளூஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களிடம், ஒப்பாரியை உட்கார்ந்து பாடாமல் கிதாரோடு நின்று பாடினால் ப்ளூஸ் என்பேன். ஆல்பத்துக்கு 'ஏழு மணிச் சங்கு' என்று பெயர் வைத்திருந்தேன். பணிமனை ஆட்களின் பாடெல்லாம் அதில் இருக்கிறது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டும் இருந்தேன்.

சைகோனுக்கு ஏன் போனாய் என்று பொன்மலையில் கேட்காத ஆளில்லை. காரணம் லின். சென்னையில் ஓர் இசை விழாவுக்கு ஒலி அமைக்க வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் பாட்டைக் கேட்டுவிட்டு, சைகோனில் தன் வீட்டு மாடியில் பழைய டேப் இயந்திரத்தோடு ஒரு ஒலிப்பதிவுக்கூடம் இருக்கிறது, வந்தால் செய்து தருகிறேன் என்றார். சென்னையில் கேட்ட வாடகையில் பாதிதான் கேட்டார். விடுவேனா?

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் ஏழெட்டு கிலோமீட்டர்தான். டாக்சிக்கு ஒன்றே முக்கால் லட்சம் டோங் கொடுத்தேன். லட்சம் என்றதும் நெஞ்சு திக்கென்றது. நம் காசில் அறுநூறு ரூபாய்க்குள்தான். ஓட்டுநர் கிதாரைக் காட்டி ஏதோ கேட்டார். பாடுவது போல் வாயைத் திறந்து காட்டினேன். அவர் உடனே வானொலியை அணைத்துவிட்டு, பாடு என்று கையை நீட்டினார். சிக்னலில் மோட்டார் சைக்கிள்கள் சாணியில் ஈ மொய்த்த மாதிரி சுற்றி நிற்க, ஒரு பல்லவி பாடினேன். நான் இறங்கும்போது அவர் மீதிச் சில்லறையை நயா பைசா பாக்கியில்லாமல் எண்ணிக் கொடுத்ததோடு கட்டை விரலையும் உயர்த்தினார். மிதப்பு இன்னும் ஒரு முழம் ஏறியது.

தங்கியது டோங் டு தெருவில், பச்சை வெள்ளைப் பள்ளிவாசலுக்கு எதிர்ச்சந்தில். அங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஹமீது நானா மாடியறையை ஒழித்துக் கொடுத்திருந்தார். காரைக்கால்காரர், அங்கே அண்ணனை நானா என்பார்கள். மனைவி இந்த ஊர்ப் பெண். வீட்டில் வியட்நாமியம், கல்லாவில் ஆங்கிலம், கோபம் வந்தால் மட்டும் தமிழ். போன கையோடு ஆணம் என்று அவர் சொல்லும் மீன் குழம்பும் சோறும் போட்டு, பாட்டுப் பாடுறவங்க தொண்டையைப் பார்த்துக்கணும், ஐஸ் காப்பிப் பக்கமே போகாதிய என்றார். போனேன். ஒரு தம்ளர் இருபத்தைந்தாயிரம் டோங். அமிர்தம்.

அன்று பிற்பகலே லின் வீட்டுக்குப் போனேன். 'பின் தான்' என்ற வட்டாரத்தில், ஸ்கூட்டர் ஒன்று போனால் மனிதர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் மூன்றடுக்கு வீடு. இங்கே மூத்த பெண்களை 'சி' என்று கூப்பிட வேண்டும், நம் அக்கா மாதிரி. சி லின் என்று கூப்பிட்டதும் சிரித்து, தேநீர் ஊற்றினார். என் பாட்டு அவருக்கு ஏன் பிடித்தது என்று கேட்டேன். அவர்கள் ஊரிலும் பிரிவும் ஏக்கமுமாக ஒரு வகைப் பாட்டு உண்டாம். மஞ்சள் பாட்டு என்பார்களாம். 1975இல் கம்யூனிஸ்டுகளிடம் சைகோன் விழுந்த பிறகு அதைப் பாடக் கூடாது என்று ஆகிவிட, அவருடைய அம்மா கதவைச் சாத்திக்கொண்டு, அண்டை வீட்டுக்குக் கேட்காத குரலில் பாடுவாராம். மெல்லப் பாடுவதைக் கேட்டு வளர்ந்ததால்தான் தனக்குக் காது கூர்மை என்றார். நான் அதை ஒரு சுவாரசியமான செய்தியாகக் குறித்துக்கொண்டேன். மரமண்டை, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் காலை ஹமீது நானா தன் ஸ்கூட்டரில் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். சந்தைக்குப் பக்கத்தில், நம்மவர்கள் கட்டிய கோயில். இப்போது கும்பிடுகிறவர்கள் அநேகமாக எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள். அன்று பௌர்ணமி, நல்ல கூட்டம். நானா வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே கருவறைக்குப் பின்னால் போய்ப் பாருங்க தங்கச்சி, அங்கே ஒரு கல் இருக்கு, எல்லாரும் அதுல நெத்தியை வெச்சுத் தங்கட கஷ்டத்தைச் சொல்லுவாங்க என்றார்.

போய்ப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. பெண்கள் வரிசையாக வந்து, பின்சுவரில் இருக்கும் அந்தக் கல்லில் நெற்றியைப் பதித்து, இரண்டு கையாலும் முகத்துக்கு மறைப்புக் கட்டிக்கொண்டு கிசுகிசுக்கிறார்கள். அழுகிறவர்கள் இல்லை. மெல்லிய ஒரு முணுமுணுப்பு, ஊதுவத்திப் புகை, எப்போதாவது ஒரு வளையல் சத்தம். என் ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்குப் பெயர் 'காது கொடு'. கேட்க யாரும் இல்லாத ஒருத்தி சுவரிடம் பேசுவதாக எழுதியது. அந்தப் பாட்டுக்குச் சரியான தொடக்கம் அமையாமல் ஆறு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணெதிரே நிற்கிறது தொடக்கம்.

என் பையில் உள்ளங்கை அகல ஒலிப்பதிவுக் கருவி ஒன்று எப்போதும் இருக்கும். போகிற இடத்து ரயில் சத்தம், மழை, சந்தை இரைச்சல் என்று பிடித்து வைப்பது என் வழக்கம். கல்லுக்குக் கீழே சாமந்தியும் மல்லிகையுமாக ஒரு பூத்தட்டு இருந்தது. குனிந்து கும்பிடுகிற சாக்கில் கருவியை ஓடவிட்டுப் பூவுக்குள் வைத்தேன். மனசு உறுத்தவில்லையா என்றால், உறுத்தியது. எனக்குத்தான் பாஷையே தெரியாதே, மழைச் சத்தம் மாதிரிதானே இதுவும் என்று அதன் வாயை அடைத்தேன்.

அடுத்து வந்தவள் நீலச் சட்டைக்காரி. ஊருக்கு வெளியே 'பின் யுவோங்' பக்கத் தொழிற்சாலை ஏதோ ஒன்றின் சீருடை. சட்டைப் பையில் அடையாள அட்டை. தலைக்கவசத்தை வண்டியில் மாட்டக்கூட நேரமில்லாமல் கையிடுக்கில் வைத்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். மற்றவர்களைவிட நெடுநேரம் பேசினாள். முடித்ததும் கல்லை உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு, யாரையும் பார்க்காமல் விடுவிடுவென்று போய்விட்டாள். நான் கருவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சாமி கும்பிட்டாச்சா என்று நானா கேட்டார். ஆச்சு நானா என்றேன்.

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன்பே அந்தக் கிசுகிசுப்பை, ஊரில் பாடி வைத்திருந்த மாதிரிப் பதிவின் தலையில் ஒட்டிப் பார்த்தேன். பிரமாதம். சென்னையில் என் டிரம்மர் பாலாவுக்கு அனுப்பினேன். ஆல்பத்தை வெளியிடும் வேலையெல்லாம் அவன் பார்ப்பது. சாகடிச்சிட்ட என்று பதில் போட்டான். முன்னோட்டமாக இதையே போடட்டுமா என்றான். போடு, சைகோன் என்று ஊர்ப் பேரையும் சேர்த்துப் போடு என்றேன். மூன்றாம் நாள் முழுக்க லின் மாடியில் மவுத்ஆர்கனோடு மல்லுக்கு நின்றேன்; நடுநடுவே போனை எடுத்து, முன்னோட்டத்துக்கு யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தேன். சில நூறு பேர் கேட்டிருந்தார்கள். வியட்நாமிய எழுத்தில் ஒரு கருத்தும் இருந்தது. உள்ளூர்க்காரர்களே ரசிக்கிறார்கள் என்று அதற்கு ஓர் இதயக் குறி போட்டேன்.

நான்காம் நாள்தான் அந்தத் துண்டை லின்னிடம் கொடுத்தேன். அவரை அசத்த வேண்டும் என்று முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம்தான். கண்ணைத் திறந்தார். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் குப்புற வைத்தார்.

"இது எங்கே எடுத்தது?"

கோயிலில் என்றேன். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் என்றேன். நன்றாக இல்லையா என்று வேறு கேட்டேன்.

"இந்தப் பெண் முதலில் தன் முழுப் பெயரைச் சொல்கிறாள். பிறகு வீட்டு எண், சந்து, வார்டு. சாமியிடம் நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். யார் கேட்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று சாமிக்குத் தெரிய வேண்டுமே. அப்புறம் எதற்கு வந்தாள் என்று ஆரம்பித்தாள். நான் கழற்றிவிட்டேன்."

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். எதற்கு வந்தாளாம் என்று கேட்டது.

"அது உனக்குச் சொன்னதில்லை. எனக்கும் சொன்னதில்லை."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை, பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். மாடிச் சன்னலுக்கு வெளியே யாரோ துணி உதறினார்கள். எனக்குக் காதுமடல் இரண்டும் கொதித்தன. அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் பேர், நட்சத்திரம், ராசி என்று குருக்கள் கேட்கிற ஊரில் பிறந்தவள் நான். சமயபுரத்துக்குத் தோழிகளோடு போய், அவர்கள் வீட்டுக்காரர் பேர் முதல் பிள்ளை பேர் வரை ஒப்பிப்பதைப் பக்கத்தில் நின்று கேட்டவள். பேரும் ஊரும் சொல்லாமல் எந்த ஊரில் சாமியிடம் பேசுவார்கள்? இது தெரியாமல் போனது பாஷை தெரியாததால் அல்ல.

அப்போதுதான் முன்னோட்டம் ஞாபகம் வந்தது.  போனை எடுத்து அந்த வியட்நாமியக் கருத்தை லின்னிடம் காட்டினேன். அவர் எனக்காக மெதுவாகச் சொன்னார்: இது மாரியம்மன் கோயில் கல்தானே? எங்கள் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் அக்காவின் குரல் இது. அவளுக்கு இது தெரியுமா?

அதற்குக் கீழே என் இதயக் குறி, சிவப்பாக.

பாலாவைக் கூப்பிட்டு உடனே எடு என்றேன். ஆல்பத்திலேயே உருப்படியான இடம் இதுதான், நம்மாட்களில் எவனுக்கு வியட்நாமியம் தெரியும், பைத்தியமா உனக்கு என்று அவன் எகிறினான். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நான் எனக்கே சொல்லிக்கொண்டது. அதை இன்னொருத்தன் வாயில் கேட்கச் சகிக்கவில்லை. அதுல அவ வீட்டு நம்பர் இருக்குடா என்றேன்.  கொஞ்ச நேரத்தில் எடுத்துவிட்டான். தன்னிடமிருந்த பிரதியையும் அழித்துவிட்டதாகச் சொன்னான்.

கருத்து எழுதியவருக்கு லின் என் போனிலிருந்தே தனிச்செய்தி எழுதினார். யார் வைத்தது, எப்படி வைத்தது, பாஷை தெரியாமல் செய்தது என்று எழுதினார். 'பாஷை தெரியாமல்' என்பதை அடித்துவிடுங்கள் சி என்றேன். அடித்தார். நேரில் போய் அந்தப் பெண் காலில் விழக்கூடத் தயார், முகவரிதான் இருக்கிறதே, கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். பேச்சு முடியும் முன்னே பதில் வந்துவிட்டது. எடுத்ததற்கு நன்றி என்று ஆரம்பித்து, லின் படித்துச் சொன்னபடி இப்படி முடிந்தது:

"அக்காவிடம் நான் சொல்லப்போவதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். அவளுக்கு வேறு யாரிடமும் பேசி வழக்கமில்லை. தெரிந்தால் அங்கேயும் போகமாட்டாள்."

மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று சொல்லிப் பார்த்தேன். உனக்குத் தூக்கம் வருவதற்காக அவள் தன் கல்லை விட வேண்டுமா என்றார் லின்.  கருவியில் இருந்ததை அவர் எதிரிலேயே அழித்தேன். அவர் தேநீர் ஊற்றினார்.  சட்டையின் நீலம் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது. நீலச் சட்டைக்காரர்களின் பாட்டு என்று ஊரெல்லாம் தமுக்கடித்தவள், இந்த ஊரில் முதலில் பார்த்த நீலச் சட்டையின் மடியில் கை வைத்திருக்கிறேன்.

'காது கொடு'வை ஆல்பத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று நானே சொன்னேன். வேண்டாம் என்று லின் சொல்வார் என உள்ளூர ஓர் ஆசை இருந்தது. அவர் தலையசைத்து, டேப்பை மாற்றப் போய்விட்டார்.

டோங் டுவுக்கு நடந்தே திரும்பினேன். நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். கடையில் கூட்டமில்லை, பள்ளிவாசலில் மக்ரிப் தொழுகை முடிந்து நாலைந்து பேர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். முகம் ஏன் செத்துக் கிடக்கு என்று ஹமீது நானா கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கல்லாவை மூடிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். 

"உங்க சர்ச்சுல பாவத்தைச் சொல்றதுக்கு ஒரு கூண்டு இருக்குமாமே தங்கச்சி. அதுக்குள்ள கொண்டு போய் வெப்பியளா இதை?"

மாட்டேன் என்றேன்.

"அப்புறம் இங்கெ ஏன் வெச்சிய?"

கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.  என்னிடம் இருந்த ஒரே பதில், அவர்கள் எனக்கு மனிதர்களாகத் தெரியவில்லை, சத்தமாகத்தான் தெரிந்தார்கள் என்பது. அதை அந்த மனுஷரின் மனைவி சோற்றுத் தட்டோடு பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்து சாப்பிட்டேன். நானாதான் என்னை அந்தக் கல்லுக்கு அனுப்பியவர். அன்றைக்கு அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

மீதி எட்டுப் பாட்டும் நன்றாகவே வந்தன. அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. குரல் கம்மியது பாட்டுக்குத் தோதாகிவிட்டது. கிளம்புகிற நாள் லின் டேப் சுருளை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துத் துணி சுற்றிக் கொடுத்தார். அணைத்துக்கொண்டார். நல்ல ஆல்பம் என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனாலும் எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை.

விமானம் இரவில்தான். காலையில் தனியாக, நடந்தே, கோயிலுக்குப் போனேன். பௌர்ணமிக் கூட்டமெல்லாம் வடிந்திருந்தது. வாசலில் பூ வாங்கினேன், இருபதாயிரம் டோங். நீலச் சட்டை எது தெரிந்தாலும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவள் வரவில்லை. பௌர்ணமியும் இல்லாத வேலைநாளில் அவள் எப்படி வருவாள்? வந்துவிடக் கூடாதே என்று நின்றேனா, வர வேண்டும் என்று நின்றேனா, எனக்கே தெரியாது.

கல்லடியில் ஒருத்திதான் இருந்தாள். கையில் லாட்டரிச் சீட்டுக் கற்றை, தெருவில் விற்கிறவள். பேசி முடித்து நிமிர்ந்தவள், நான் பூவோடு தயங்குவதைப் பார்த்து, கூச்சப்படுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். தள்ளி நின்று, வா என்று கல்லைத் தட்டிக் காட்டினாள். இரண்டு கையாலும் முகத்துக்கு மறைப்புக் கட்டுவது எப்படி என்று செய்தும் காட்டினாள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு நாலடி போய், காதில் விழாத தூரத்தில் நின்றாள்.

நெற்றியைப் பதித்தேன். கல் சில்லென்று, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் பெயர் எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அவள் கேட்டதைக் கொடுத்துவிடு. அவ்வளவுதான். ஆனால் முதலில் நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று சொல்ல வேண்டும் அல்லவா? ரீட்டா, பொன்மலை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

திறந்த வாயோடு என் கண் கீழே பூத்தட்டுக்குப் போனது. கருவி என் பையில்தான் அணைந்து கிடக்கிறது, எனக்குத் தெரியும். தெரிந்தும் கையை விட்டுச் சாமந்தியைத் துழாவினேன். ஒன்றுமில்லை. இன்னொரு தரம், அடிவரைக்கும் துழாவினேன். ஒன்றுமில்லை. அப்படியும் பேர் வாயில் வரவில்லை. பூவை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.